செஞ்சோற்றுக் கடனும் அரிவாளும்

2008 ஜூலையில் 'சுப்பிரமணியபுரம்' திரைப்படம் வெளியானபோது, மதுரையில் என் வகுப்பு மாணவர்கள் சிலர் தாடி வளர்க்கத் தொடங்கினர். அழகராக நடித்த ஜெய், பரமனாக நடித்து இயக்கவும் செய்த சசிகுமார் ஆகிய இருவரின் தோற்றமும் துடுக்கும் அவர்களைக் கவர்ந்துவிட்டன. பொருளாதாரம் கற்பித்துவந்த நான் அவர்களிடம் ஒன்று கேட்டேன்: "படத்தில் வரும் அந்த முதல் கொலைக்கு அவர்கள் பெற்ற கூலி எவ்வளவு?" எவராலும் விடை கூற இயலவில்லை.

கூலி பேசப்படவே இல்லை என்பதுதான் விடை. 1980-இல் மதுரையில் நிகழ்வதாக அமைந்த கதை அது. வேலையற்ற அந்த இளைஞர்கள் அடிதடியில் சிக்கும்போதெல்லாம், அரசியல் செல்வாக்குடைய ஒரு குடும்பம் அவர்களை மீட்கிறது. பின்னர் அக்குடும்பத்துக்குக் கட்சிப் பதவி கைநழுவியதும், சமுத்திரக்கனி ஏற்று நடித்த கனகு, போட்டியாளரை ஒழித்துத் தருமாறு இறைஞ்சுகிறான். இளைஞர்கள் அதைச் செஞ்சோற்றுக் கடனாக எண்ணித் தீர்க்கிறார்கள்.

கடன் பத்திரத்தில் தொகையும் தவணையும் இருக்கும். செலுத்தி முடித்தால் விடுதலை உண்டு. நன்றிக்கடனுக்கு இவை எதுவும் இல்லை. எவ்வளவு செலுத்தினால் தீரும் என்பதைக் கடன் கொடுத்தவரே முடிவு செய்கிறார். வேறு பிழைப்பு உள்ளவன் மறுத்துவிடலாம். இல்லாதவனுக்கு அந்த வழி கிடையாது. வன்முறைக்கு ஆள் மலிவாகக் கிடைப்பதன் காரணம் இதுவே.

சிறை சென்றவர்களைக் கனகு கைவிடுகிறான். சட்டப்படியான ஒப்பந்தம் மீறப்பட்டால் நீதிமன்றம் செல்லலாம். கொலைக்கான வாக்குறுதி மீறப்பட்டால் எங்கே முறையிடுவது? அங்கே அரிவாளே வசூல் கருவியாகிறது. பழிவாங்கலை வீரம் என்று கொண்டாடுவோர், அது வாராக் கடனை வசூலிக்கும் முயற்சி என்பதை மறந்துவிடுகின்றனர். வசூலின் முடிவு என்ன? காதலித்த பெண்ணைக் கொண்டே அழகரை வரவழைத்துக் கொல்கிறார்கள். பரமன் கனகுவைப் பழிதீர்த்தாலும், உடனிருந்த நண்பனே அவனைக் காட்டிக்கொடுக்கிறான். கணக்கை முடித்துப் பார்த்தால் எவர் பக்கத்திலும் இலாபம் இல்லை.

இப்படத்தின் தாக்கம் தமிழகத்தைக் கடந்தது. 2012-இல் வெளியான 'கேங்ஸ் ஆஃப் வாசிப்பூர்' இந்திப் படத்தின் தொடக்கத்தில் இயக்குநர் அனுராக் காஷ்யப், பாலா, அமீர், சசிகுமார் ஆகிய மூவரையும் மதுரையின் மும்மூர்த்திகளாகக் குறிப்பிட்டு நன்றி தெரிவித்திருக்கிறார். ஆனால், இங்கே பின்வந்த படங்கள் பலவும் தாடியையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கை விட்டுவிட்டன. மதுரை என்றாலே அரிவாள் என்னும் பழி ஊருக்கு வந்து சேர்ந்தது.

திரைப்படத்தைத் தடுப்பதால் இது மாறாது. செல்வாக்குள்ளவர் வலிய வந்து உதவும்போது, "இதற்கு விலை என்ன?" என்று கேட்கும் துணிவு இளைஞனுக்கு வேண்டும். அறிவுரையால் மட்டும் அத்துணிவு வந்துவிடாது. மாதம் தவறாமல் ஊதியம் தரும் ஒரு வேலைதான் அதைத் தரும்.