கள் முட்டியும் பியர்க் குழாயும்

மதுவின் புகழ் பாடுவதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வாழ்நாளில் ஒரு மிடறு பியரும் அருந்தியவனல்லன். ஆயினும், சென்ற ஆனி மாதத்திலே பத்து நாட்கள், பியர் வரும் குழாயைக் கழுவுவதற்கான பம்பு ஒன்றைச் செய்வதிலே எனக்குக் கழிந்தன. அந்தப் பத்து நாட்களில் நான் கற்றதை ஆசிரியர்களாகிய நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே இதனை எழுதத் தூண்டியது.

திருகோணமலையிலிருந்து கடலோரமாகப் புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில், நிலாவெளியையும் இறக்கக்கண்டியையும் கடந்தபின் வருவது குச்சவெளி. கிழக்கே வங்கக் கடல். கரையிலே வள்ளங்கள். மணல் மேட்டிலே பனைகள். 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வையும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளையும் கண்டவை அப்பனைகள். என் தமக்கையின் மகன் இவ்வூரில் பிறந்தவன். இப்போது கனடாவில், ரொறன்ரோ நகரில் வாழ்கிறான். தாயாரின் ஆண்டுத் திவசத்துக்காக வந்திருந்தான்.

ஒரு மாலை, விறாந்தையில் இருந்து பேசிக்கொண்டிருக்கையில், தயங்கித் தயங்கி ஒரு செய்தியைச் சொன்னான். அங்கே வீட்டிலேயே சொந்தத் தேவைக்குப் பியர் வடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறதாம். இவனும் வடிக்கிறானாம். நம் நாட்டில் உரிமமின்றி அதைச் செய்தல் மதுவரிச் சட்டப்படி குற்றம் என்பதை நினைவூட்டினேன்.

“இங்கே வடிக்கப் போவதில்லை மாமா. எனக்கு ஒரு சந்தேகம்தான். பீப்பாயில் இருக்கும் பியர் நன்றாக இருக்கிறது. குழாய் வழியாக வந்து கோப்பையில் விழும்போது புளிக்கிறது. இரண்டு வாரத்துக்குள் இப்படி ஆகிவிடுகிறது” என்றான்.

“குழாயைக் கழுவுகிறாயா?”

“தண்ணீர் விடுகிறேன்.”

“தண்ணீர் விடுவதும் கழுவுவதும் ஒன்றா?”

அவன் சிரித்தான். கழுவுவதற்கென்றே பம்பு விற்கிறார்களாம். விலை அதிகம் என்று வாங்கவில்லையாம். “அப்படியானால் நாமே ஒன்று செய்து பார்ப்போம்” என்றேன். ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு ஒரு மாணவன் கிடைத்துவிட்டால் வேறென்ன வேண்டும்?

முதலில், குழாய் ஏன் இவ்வளவு விரைவில் கெடுகிறது என்று கணக்கிட்டோம். அவனுடைய குழாயின் உள்விட்டம் 4.8 மில்லிமீற்றர்; நீளம் 3 மீற்றர். அதனுள் நிற்கும் பியர் ஏறத்தாழ 54 மில்லிலீற்றர் மட்டுமே. ஆனால் அச்சிறு அளவைச் சுற்றியுள்ள உட்சுவரின் பரப்போ சுமார் 450 சதுர சென்ரிமீற்றர். உருண்டையான ஒரு லீற்றர் முட்டியின் உட்பரப்பும் ஏறத்தாழ இவ்வளவுதான். ஒரு லீற்றர் கள்ளுக்குக் கிடைக்கும் சுவரின் பரப்பு, இங்கே ஏறத்தாழ நான்கு மேசைக்கரண்டி பியரோடு உரசிக்கொண்டு நிற்கிறது. சுவரிலே படிந்த நுண்ணுயிர்கள் அச்சிறு திரவத்தை ஓர் இரவிலே கெடுத்துவிடுதல் வியப்பன்று. பியரின் சர்க்கரையும் புரதமும் அவற்றுக்கு உணவு. அவை தம்மைச் சுற்றி ஒரு பசைப் படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. வெறும் தண்ணீர் அப்படலத்தின் மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும்.

பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்தர் 1876ஆம் ஆண்டில் பியரைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். பியர் கெடுவதற்குக் காரணம் வெளியிலிருந்து புகும் நுண்ணுயிர்களே என்பது அதன் சாரம். இதனை நான் எத்தனையோ ஆண்டுகள் வகுப்பிலே சொல்லியிருக்கிறேன். சொன்னேன் என்பதைத் தவிர அதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை என்பது பின்னர்தான் விளங்கிற்று.

இனிப் பம்பின் கதை. மருமகன் முதலில் எடுத்துக்கொண்டு வந்தது, என் வெங்காயத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் தெளிகருவி. கைபிடியை அடித்தால் உள்ளே காற்று அழுத்தம் ஏறித் திரவத்தைத் தள்ளும். தத்துவம் சரியானதே. அவன் அதைக் கிணற்றடியில் வைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். நான் ஓடிச் சென்று பறித்தேன். பூச்சிமருந்து ஊறிய பிளாஸ்ரிக்கையும் இறப்பர் வளையத்தையும் எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது. வாயிலே படும் பொருளுக்கு அக்கருவி எக்காலத்தும் ஆகாது. அன்று நான் உறங்கிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது எண்ணினாலும் நெஞ்சு திடுக்கிடுகிறது.

இரண்டாவதாக, மீன்தொட்டிக்கு வைக்கும் சிறு மோட்டர் ஒன்றைத் திருகோணமலையில் வாங்கினோம். வாளியில் அமிழ்த்தி மின்சாரம் கொடுத்தோம். நீர் குழாயில் ஏறிற்று. ஏறி, பாதி வழியில் நின்றுவிட்டது. அவன் வீட்டில் பியர் திறக்கும் வாய் வாளிக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இம்மோட்டரோ அரை மீற்றருக்குச் சற்று மேல்தான் நீரை ஏற்றவல்லது. பெட்டியின் மேலே அதனை அச்சிட்டும் இருந்தார்கள். வாங்குமுன் வாசிக்காதது விஞ்ஞான ஆசிரியனின் பிழை.

மூன்றாவது வழியைக் கடற்கரையில் கண்டோம். வள்ளத்தின் பின்புறத்தில் பூட்டும் எஞ்சினுக்கு எண்ணெய் செல்லும் குழாயின் நடுவே கறுப்பு இறப்பர்க் குமிழ் ஒன்று இருக்கும். எஞ்சினை இயக்குமுன் மீனவர் அதனை நாலைந்து முறை அமுக்குவர். குமிழின் இரு முனைகளிலும் ஒவ்வொரு தடுக்கிதழ் உண்டு. அமுக்கினால் முன்னிதழ் திறந்து திரவம் வெளியேறும். விட்டால் பின்னிதழ் திறந்து புதுத் திரவம் உள்ளே வரும். நம் இதயம் குருதியைத் தள்ளும் முறையும் இதுவே. எண்ணெய் தொடாத புதிய குமிழ் ஒன்றை வாங்கினோம். முனைகள் அலுமினியமாக இருத்தல் கூடாது, காரம் அலுமினியத்தை அரிக்கும் என்று சொல்லிப் பிளாஸ்ரிக் முனை உள்ளதைத் தேர்ந்தோம். ஒடுங்கிய பியர்க் குழாயை அதனோடு பொருத்த ஒரு சிறு இணைப்பும், இரண்டு கிளிப்புகளும் போதுமாயின.

முதல் முயற்சியில் நீர் வரவில்லை. வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் பார்த்துவிட்டு, “குமிழைப் படுக்க வைத்துப் பிடிக்கிறீர்கள் சேர், அம்புக்குறி மேலே பார்க்க வேண்டும்” என்றான். நிமிர்த்திப் பிடித்தோம். நீர் பாய்ந்தது. அமுக்கு ஒன்றுக்கு 40 மில்லிலீற்றர். நிமிடத்துக்கு இருபது அமுக்கு என்றால், குழாய் முழுவதும் உள்ள நீர் நிமிடத்தில் பதினான்கு தடவைக்கு மேல் மாறும். வாளியிலிருந்து எடுத்து, குழாய் வழியாகச் செலுத்தி, மீண்டும் அதே வாளியில் விழச் செய்தோம். ஒவ்வொரு அமுக்கிலும் நீர் துடித்துத் துடித்துச் செல்வதால் சுவரில் நன்றாக உரசிற்று.

பியர் இல்லாத வீட்டில் இதனைச் சோதிப்பது எப்படி? பால் தேநீரைக் குழாயில் நிரப்பி இரு முனைகளையும் அடைத்து இரண்டு நாள் வெயிலில் வைத்தோம். நாற்றம் சொல்லி முடியாது. அந்த நிலையிலேதான் பனை சீவும் பெரியவர் படலையடியில் வந்து நின்றார்.

எழுபது வயதைக் கடந்தவர். உரிமம் பெற்று இன்றும் நாலைந்து மரம் ஏறுகிறார். “என்ன மாஸ்ரர், கள் புளித்த மணம் வருகிறதே?” என்றார். உள்ளே வரச் சொல்லிக் கதிரை போட்டேன். அவர் தயங்கி, திண்ணை விளிம்பிலே இருந்தார். செய்தியைக் கேட்டபின் அவர் சொன்னவற்றை ஏறத்தாழ அவர் சொன்னபடியே தருகிறேன்.

“என்னிடம் இரண்டு விதமான முட்டி இருக்கிறது. கள் முட்டியை நான் தேய்த்துக் கழுவுவதில்லை. பழைய மண்டி கொஞ்சம் அடியில் நிற்க வேண்டும். அதுதான் புதுக் கள்ளைப் பொங்க வைக்கும். கருப்பணி முட்டி அப்படி இல்லை. அதை ஒவ்வொரு நாளும் தேய்த்துக் கழுவி, நெருப்பில் காட்டி, உள்ளே சுண்ணாம்பு பூசித்தான் மரத்தில் கட்டுவேன். ஒரு நாள் சோம்பினால் போதும். பனங்கட்டி காய்ச்ச முடியாது, பாகு இறுகாது. தம்பி கள் முட்டியைக் கழுவுகிற மாதிரிக் கருப்பணி முட்டியைக் கழுவியிருக்கிறார். பிழை அங்கேதான்.”

நான் வாயடைத்துப் போனேன். பனஞ்சாற்றிலே நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் சர்க்கரை உண்டு. காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் உள்ள நொதியங்களும் பற்றீரியங்களும் அதனை மதுவாகவும், பின்னர் புளிப்பாகவும் மாற்றுகின்றன. சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்கி அவற்றின் வேலையைத் தடுக்கிறது. மண்டியை வைத்தல் நொதியத்தை விதைத்தல். சுண்ணாம்பு பூசுதல் அதனை விலக்குதல். கோப்பன்ஹேகன் நகரிலே எமில் ஹான்சன் 1883ஆம் ஆண்டில் தூய நொதியத்தைத் தனியே வளர்த்துப் பியர் வடிக்கச் செய்தார் என்று படித்திருக்கிறேன். வேண்டிய உயிரையும் வேண்டாத உயிரையும் பிரித்து ஆளும் அந்தக் கருத்தை, என் வீட்டுத் திண்ணையிலே ஒருவர் இரண்டு முட்டிகளைக் கொண்டு விளக்கிவிட்டார்.

பியர்க் குழாய்க்கும் மருந்து காரமே. வடிப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பங்கு எரிசோடாக் கரைசலை இளஞ்சூட்டில் பதினைந்து நிமிடம் சுழலவிடுவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இது செய்தல் வேண்டும். எரிசோடா கண்ணையும் தோலையும் பொசுக்கும். கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொடலாகாது. தண்ணீரிலே சோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றலாகாது. சுவரிலே படியும் சுண்ணக் கல்லை நீக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலம் தேவை. ஆனால் அமிலமும் காரமும் ஒருபோதும் ஒன்றாகச் சேரலாகாது. இடையிலே நன்றாக நீர் விட்டுக் கழுவ வேண்டும். திறக்கும் வாயைக் கழற்றித் தனியே தேய்க்கவும் வேண்டும்.

எங்கள் சோதனைக்குச் சலவைச் சோடாவே போதுமென்று கொண்டோம். வெந்நீரில் கரைத்துப் பதினைந்து நிமிடம் மாறி மாறிக் குமிழை அமுக்கினோம். வெண்படலம் துணுக்குத் துணுக்காகக் கழன்று வாளியில் விழுந்தது. பின்பு நல்ல தண்ணீர் விட்டோம். காரம் முற்றாக நீங்கிற்றா என்று அறிவது எப்படி என மருமகன் கேட்டான். கடதாசித் துண்டுகளில் மஞ்சள் நீரைத் தடவிக் காயவைத்தேன். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆலத்தித் தட்டிலே மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது இதனால்தான். ஒரு துண்டைக் கிணற்று நீரிலும் மற்றொன்றைக் குழாயிலிருந்து வரும் நீரிலும் தோய்த்து, இரண்டும் ஒரே நிறமாகும்வரை கழுவினோம். ஐந்தாவது துண்டு மஞ்சளாகவே நின்றது.

பெரியவர் அத்துண்டைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். “இதைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பீர்களோ?” என்றார்.

அந்தக் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. அவருடைய மூத்த மகன் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். வரவுப் புத்தகத்தில் எழுதுவதற்காகத் தகப்பனின் தொழிலைக் கேட்டபோது, தலையைக் குனிந்துகொண்டு “கூலி” என்றான். நான் அப்படியே எழுதினேன். அந்த ஆண்டிலேதான் நொதித்தலைப் பற்றிய பாடமும் நடத்தினேன். கரும்பலகையில் பாஸ்தரின் பெயரை எழுதினேன். வெதுப்பகத்திலிருந்து நொதியம் வாங்கி வந்து சர்க்கரை நீரில் பொங்க வைத்துக் காட்டினேன். நொதித்தலை அன்றாடம் கையாளும் ஒருவரின் மகன் மூன்றாம் வரிசையில் வாய் திறவாது இருந்தான். “உன் தகப்பனாரின் முட்டி ஒன்றைக் கொண்டு வா” என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருப்பேனா? பனை சீவுபவரைப் படலைக்கு அப்பால் நிறுத்திப் பேசிய வீட்டிலே வளர்ந்தவன் நான். வகுப்பறையிலே அப்படலையை நானும் திறக்கவில்லை. அவன் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

மருமகன் குமிழையும் மஞ்சள் தோய்த்த கடதாசிகளையும் எடுத்துக்கொண்டு ரொறன்ரோவுக்குத் திரும்பினான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் கழுவுகிறானாம், புளிப்பு நீங்கிவிட்டதாம். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் பெரியவரை விசாரிக்கிறான்.

அடுத்த தவணையிலே நான் கற்பித்த பாடசாலையின் விஞ்ஞான மன்றத்தில் பேச அழைத்திருக்கிறார்கள். நொதித்தலைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டேன். பெரியவரிடம் சென்று, “அண்ணை, நான் பேசுவதைவிட நீங்கள் வந்து இரண்டு முட்டியையும் காட்டிப் பேசினால் பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கும்” என்றேன். “முட்டியோடு பள்ளிக்கூடத்துக்கோ?” என்று சிரித்தார். மகனைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

இன்னும் விடை சொல்லவில்லை. நேற்று அவ்வழியே போனபோது பார்த்தேன்: வேலியோரத்தில் இரண்டு புது முட்டிகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.