கினிப்பன்றிப் பெட்டியில் நாற்றம்: மூடுவதா, நீக்குவதா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவும் பதுளை மாவட்டத்தை உலுக்கியபோது, பல குடும்பங்கள் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறின. அவ்வாறு மொனராகலைப் பக்கம் உறவினர் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தை நாம் சந்தித்தோம். மரக்கறித் தோட்டமும் மாட்டுக் கொட்டிலும் மண்ணுக்குள் போய்விட்டன. பத்து வயதுச் சிறுமி மட்டும் ஒரு பிஸ்கட் பெட்டியில் தன் இரண்டு கினிப்பன்றிகளைச் சுமந்துவந்திருந்தாள்.

இரண்டு வாரத்துக்குள் அந்தப் பெட்டியால் வீட்டில் மனக்கசப்பு உண்டாயிற்று. ஒரே அறையில் ஏழு பேர் படுக்க வேண்டிய நிலை. பெட்டியில் விரித்திருந்த துணியிலிருந்து எழுந்த நாற்றம் தாங்க முடியாததாயிருந்தது. “சாமி, புள்ளைக்கிட்ட மிஞ்சினது இது ரெண்டுந்தான். ஆனா வீட்டுக்காரவங்க சொல்றதும் நாயந்தானே?” என்று தாய் எம்மிடம் கேட்டார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. பெட்டி போக வேண்டியதில்லை, நாற்றம் போனால் போதும்.

அன்று நாம் நல்லெண்ணத்துடன் ஒரு பிழையான ஆலோசனையைக் கொடுத்தோம். மாட்டுத் தொழுவத்தில் செய்வதுபோல் துணியின் மேல் அடுப்புச் சாம்பல் தூவச் சொன்னோம். மறுநாள் நாற்றம் கூடியிருந்தது. ஒரு கால்நடை வைத்தியரிடம் விசாரித்த பிறகே காரணம் விளங்கியது. அவரிடம் கற்றதையும், பின்னர் அக்குடும்பத்துடன் சேர்ந்து செய்து பார்த்ததையும் இங்கே தருகிறோம். முயல் வளர்ப்போருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஏழைகளின் சிறு பிராணி

கினிப்பன்றி கினி நாட்டிலிருந்து வந்ததுமல்ல, பன்றியுமல்ல. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைவாழ் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்த்துவரும் புல்லுண்ணி அது. பெரு நாட்டில் இன்றும் கிராமத்துக் குடும்பங்கள் அதனை உணவுக்காக, பெரும்பாலும் அடுப்படியிலேயே, வளர்க்கின்றன. ஆபிரிக்காவில் கொங்கோவின் தென் கீவுப் பகுதியில் போரினால் மாடும் ஆடும் இழந்த குடும்பங்களும் இதனை வளர்க்கின்றன. ஓட நேர்ந்தால் கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. எங்கள் சிறுமி செய்ததும் அதுவே. இங்கே அது பிள்ளைகளின் செல்லப் பிராணி. எங்கே வளர்த்தாலும் மனிதரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதால் நாற்றம் பற்றிய கேள்வி எழவே செய்யும்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

புதிதாகக் கழித்த சிறுநீர் அவ்வளவாக மணப்பதில்லை. அதிலே யூரியா உண்டு. வயலுக்குப் போடும் யூரியாவும் அதே பொருள்தான். துணியிலும் சாணத்திலும் உள்ள கிருமிகள் ஈரத்தில் பெருகி, அந்த யூரியாவை உடைத்து அமோனியா என்னும் வாயுவாக்குகின்றன. கண்ணைக் கரிக்கும் அந்த நெடி அமோனியாவே. ஈரமும் சூடும் இருந்தால் இந்த வேலை விரைவாக நடக்கும். பண்டாரவளையில் மூன்று நாள் தாங்கும் விரிப்பு மொனராகலை வெயிலில் இரண்டாம் நாளே நெடியடிப்பது இதனால்தான்.

சாம்பலும் சுண்ணாம்பும் காரத்தன்மை உடையவை. ஈர விரிப்பில் அவற்றைத் தூவினால் துணியில் கட்டுண்டு கிடக்கும் அமோனியாவும் வாயுவாகி வெளிக்கிளம்பும். எமது பிழை அதுதான். வாசனைப் பவுடரும் கிருமிநாசினித் திரவங்களும் நாற்றத்தைச் சற்று நேரம் மூடும், ஆனால் ஈரம் அங்கேயே இருக்கும். அவற்றின் கடுமை அந்தச் சிறு பிராணியின் மூச்சையும் தோலையும் வருத்தும்.

இது மணத்தோடு மட்டும் நிற்கும் காரியமல்ல. கினிப்பன்றியின் மூக்கு விரிப்பிலிருந்து ஓரங்குல உயரத்திலேயே இருக்கிறது. நாம் நின்றபடி உணராத நெடியை அது இரவும் பகலும் சுவாசிக்கிறது. அதனால் நுரையீரல் நோய்க்கு இடமுண்டாகும். ஈரத்தில் நிற்கும் பாதங்கள் புண்ணாகும். பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கும் இளைப்பு நோயுள்ள பிள்ளைக்கும் அது நல்லதல்ல.

எந்தத் துணி, எந்த அடுக்கு?

ஈரம் மேலே நிற்காமல் கீழே இறங்க வேண்டும். இதுவே முழு இரகசியம்.

பருத்திச் சேலைத் துண்டு ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதன்மேல் படுக்கும் பிராணி நனையும். உரச் சாக்கில் சிறுநீர் தேங்கி நிற்கும். சணல் சாக்கு நன்றாக உறிஞ்சும், ஆனால் அதன் இழைகள் விரல்களில் சுற்றிக்கொள்ளும். ஆகவே அது அடியில் போடத்தான் ஏற்றது.

மேல் விரிப்புக்குப் பொருத்தமானது நிவாரணமாகவும் பலருக்குக் கிடைத்த மென்மையான பொலியெஸ்டர் போர்வை. அதன் இழை நீரை உறிஞ்சாமல் கீழே கடத்திவிடும். ஆனால் புதுப் போர்வையை அப்படியே விரித்தால் பயனில்லை. முன்பு கொழுந்து பறிக்கும்போது மழைக்குப் போட்ட கம்பளி மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மழைநீர் அதன்மேல் உருண்டோடும். புதுப் போர்வையும் அப்படித்தான். சவர்க்காரமிட்டு மூன்று நான்கு முறை துவைத்த பின்பே நீர் இறங்கும். ஒரு கரண்டி நீரை ஊற்றிப் பாருங்கள். உருண்டு நின்றால் இன்னும் துவைக்க வேண்டும். உடனே மறைந்து மேற்பரப்பு காய்ந்திருந்தால் அது தயார்.

அடுக்கும் முறை இதுவே:

1. அடியில் நீர் கசியாத தகரம் அல்லது பொலித்தீன்.
2. அதன்மேல் மெல்லிதாக உமிக்கரி. கரி அமோனியாவைப் பிடித்துவைக்கும். தூசு எழாதபடி அதைப் பத்திரிகைத் தாளால் மூடுங்கள்.
3. தாளின்மேல் சணல் சாக்கு அல்லது பழைய துவாய். இறங்கும் ஈரத்தை உறிஞ்சுவது இதுவே.
4. எல்லாவற்றுக்கும் மேல் துவைத்த போர்வைத் துண்டு, ஓரங்கள் மடித்துத் தைத்ததாக.

கினிப்பன்றி பெரும்பாலும் தான் ஒளிந்திருக்கும் மூலையிலேயே சிறுநீர் கழிக்கும். அந்த மூலையைக் கவனித்து, அங்கே மேலதிகமாக ஒரு துணித்துண்டு போட்டு, அதை மட்டும் தினமும் மாற்றுங்கள். நாற்றத்தில் பெரும்பங்கு இதனாலேயே குறையும்.

நாளாந்த வேலை

காலையில் புழுக்கையையும் உதிர்ந்த மயிரையும் கூட்டி அள்ள வேண்டும். மயிர் படிந்தால் போர்வையில் நீர் இறங்காது. வாடிய புல்லையும் மரக்கறித் துண்டுகளையும் அகற்றுங்கள். அவை அழுகுவதும் நாற்றமே, எலியையும் அவை அழைக்கும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும் என்பதை எம் விவசாயிகள் அறிவர். தண்ணீர்ச் சட்டி கவிழாதபடி கனமானதாக இருக்கட்டும்.

இரண்டு பிராணிகளுக்கு முழு விரிப்பையும் மூன்று நாளுக்கொரு முறை மாற்றுவது போதும், வெப்பமான இடங்களில் இரண்டு நாளுக்கொரு முறை. நாற்றம் வந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருக்க வேண்டாம். கூடவே இருப்பவரின் மூக்கு அந்த நெடிக்குப் பழகிவிடும். வெளியே போய்வந்தவுடன் பெட்டியருகே குனிந்து முகர்ந்து பாருங்கள். அல்லது அடுத்த அறையில் இருப்பவரைக் கேளுங்கள், அவர் சொல்வதைக் கோபிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பெட்டி சிறிதானால் ஈரம் ஓரிடத்தில் குவியும். இரண்டுக்கு ஏழெட்டுச் சதுர அடி தேவை. ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் இரண்டு மாதத்தில் குட்டிகள் வரும், நாற்றமும் அதற்கேற்பப் பெருகும். குட்டி ஆண்களை மூன்று வாரத்தில் பிரித்துவிடுங்கள்.

துவைப்பது எப்படி?

முதலில் துணியை வெளியே உதறி, குளிர்ந்த நீரில் அலசுங்கள். பின்னர் ஒரு கோப்பை வினாகிரிக்கு ஐந்து கோப்பை நீர் கலந்து அரைமணி நேரம் ஊறவிடுங்கள். வினாகிரியின் புளிப்பு அமோனியாவை அடக்கும். துணியிலும் தகரத்திலும் படியும் வெள்ளைச் சுண்ணப் படிவையும் அது கரைக்கும். அதன்பின் சிறிதளவு சவர்க்காரமிட்டுத் துவைத்து, நன்றாக அலசுங்கள். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் வேண்டாம். அது இழையை மூடி, நீர் இறங்குவதைத் தடுக்கும்.

ஓர் எச்சரிக்கை. வெள்ளத்துக்குப் பின் கிணறு சுத்திகரிக்கப் பயன்படும் வெளிற்றும் தூள் சில வீடுகளில் மிஞ்சியிருக்கலாம். சிறுநீர் ஊறிய துணியில் அதைப் போட்டால் நச்சு வாயு எழும். வினாகிரியுடன் கலந்தாலும் அப்படியே. அடைத்த அறையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எல்லோரும் குளிக்கும் பீலியிலோ ஓடையிலோ இத்துணிகளைத் துவைக்காதீர்கள். வாளியில் செய்து, முதல் அலசிய நீரை வாழையடியில் ஊற்றுங்கள். அதிலுள்ள யூரியா மரத்துக்கு உணவாகும். புழுக்கையும் தாளும் கூட்டெருக் குழிக்குப் போகட்டும். வேலை முடிந்ததும் பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். கையில் புண் இருந்தால் அந்த வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும்.

துணி முற்றாகக் காய்வது அவசியம். அரைகுறையாகக் காய்ந்த துணி, துவைக்காத துணியைப்போலவே விரைவில் நாறும். ஊவாத் தேயிலைக்கு மணம் தரும் கச்சான் காற்று வீசும் காலத்தில் சிக்கலில்லை. வடகீழ்ப் பருவமழையிலும் மூடுபனியிலும் மலையில் துணி நாட்கணக்காகக் காயாது. அதற்காக மூன்று தொகுதி விரிப்புகள் வைத்திருங்கள். அதுவும் போதாத நாட்களில் துணியை விட்டு, காய்ந்த புல்லைத் தடிப்பாகப் பரப்பித் தினமும் மாற்றுங்கள்.

ஒரே கூரையின் கீழ்

அந்தக் குடும்பம் பெட்டியைப் பாய்களின் பக்கத்திலிருந்து எடுத்து, யன்னலருகே இரண்டு கற்களின்மேல் வைத்தது. கிடைத்த போர்வையொன்றை நான்காக வெட்டித் தைத்தார்கள். மூலைத் துணியை மாற்றுவது சிறுமியின் பொறுப்பாயிற்று. பாடசாலைக்குப் போகுமுன் அதைச் செய்வாள். ஒரு வாரத்தின் பின் நாம் போனபோது நாற்றம் இல்லை. வீட்டுக்காரப் பாட்டி கொல்லையில் கினிப்புல் அறுத்துக்கொண்டிருந்தார். “நம்ம ரெண்டு பேருக்குந்தான் சாமி” என்று பெட்டியைக் காட்டிச் சிரித்தார்.

நோவாவின் பேழையிலும் இந்தச் சிக்கல் இருந்திருக்கவே வேண்டும். மனிதரும் மிருகமும் ஒரே கூரையின் கீழ் நெடுநாள் வாழ்ந்தார்களே! யாரோ ஒருவர் தினமும் கூட்டி அள்ளியிருப்பார். அவருடைய பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

இடம்பெயர்ந்து பிறர் வீட்டில் தங்கியிருப்போருக்கு, தம்மால் யாருக்கும் தொல்லை வரக்கூடாதே என்ற கூச்சம் எப்போதும் உண்டு. அந்தக் கூச்சத்தினால் பிள்ளையின் கையில் மிஞ்சியதையும் பறித்துவிட வேண்டாம். ஒரு போர்வைத் துண்டும், கொஞ்சம் உமிக்கரியும், தினமும் பத்து நிமிடமும் இருந்தால் வீட்டாருக்கும் நிம்மதி, பிள்ளைக்கும் நிம்மதி.