மூச்சின் கணக்கு

இருமலுந் தடிமனுங் கொண்ட குழந்தையின் நுரையீரலில் அழற்சி உண்டோவென அறிவதெங்ஙனம்? மார்பொலி கேட்குங் கருவியின்றி ஆகாதென்பர் பலர். ஆயினும், பப்புவா நியூகினியில் பிராங்க் ஷான் முதலியோர் நடாத்தி 1984இல் வெளியிட்ட ஆய்வு, மூச்சின் வேகமே நல்ல வழிகாட்டியெனக் காட்டிற்று. அழற்சியுற்ற நுரையீரல் எளிதில் விரியாது. ஆதலின் குழந்தை ஆழமாகவன்றி விரைவாக மூச்செடுக்கும்.

நிமிஷத்துக்கு இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதன்மேல் ஐந்து வயதுக்குள் 40 என்பன உலக சுகாதார தாபனம் வகுத்த எல்லைகள். அழும்போது எண்ணுதல் வீண். தாய்மடியில் அமைதியுற்றபின் முழு நிமிஷமும் எண்ணுக. அரை நிமிஷம் எண்ணி இரட்டித்தல் நம்மனோர் சோம்பலேயாம். சிசுவின் மூச்சோ சீரற்றது. எல்லையை எட்டின் வைத்தியர் அமொக்சிசிலினை வாய்வழி கொடுப்பர். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவாயினும், எவ்வயதிலும் பாலுண்ணாமை, வலிப்பு, மயக்கம் காணினும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.