மர வேர்களுக்காக வகுக்கப்பட்ட முகாம்

அமெரிக்காவில் கோடை பிறந்துவிட்டால், நட்பு கொண்ட இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, வெள்ளிக்கிழமை மாலையில் கூடாரம், படுக்கைப் பை, அடுப்பு ஆகியவற்றைக் கார்களில் ஏற்றிக்கொண்டு காட்டை நோக்கிப் புறப்படுவதும், இரண்டு இரவுகள் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்புவதும் நிலைபெற்றுவிட்ட குடும்ப வழக்கமாகும். கேம்பிங் எனப்படும் இவ்வழக்கம் கட்டற்ற பொழுதுபோக்காகத் தோன்றினாலும், அது நடைபெறும் பூங்காக்களின் முகாம் திடல்கள் அடிக்கு அடி எண்ணிப்பார்த்து வகுக்கப்பட்டவை. அவற்றின் அமைப்பு மனிதரின் வசதியைப் பற்றிய யோசனையில் பிறந்ததைவிட மரங்களின் வேர்களைப் பற்றிய கவலையில் பிறந்தது என்பதே உண்மை.

காட்டில் தங்குவது என்பது மரம் வெட்டுவோர், வேட்டைக்காரர், படைவீரர் ஆகியோரின் பிழைப்போடு சேர்ந்த துன்பமாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. பாஸ்டன் நகரப் பாதிரியாரான வில்லியம் ஹென்றி ஹாரிசன் மர்ரே, நியூயார்க் மாநிலத்து அடிரொண்டாக் மலைக்காட்டைப் பற்றி 1869இல் வெளியிட்ட நூல் இந்தக் கருத்தை மாற்றியது. நகரத்துப் புகையிலும் வேலைச்சுமையிலும் நலிந்தவர்கள், பெண்கள் உட்பட, காட்டில் சில நாள் தங்கினால் உடலும் உள்ளமும் தேறும் என்று அவர் எழுதியதை நம்பி, அந்தக் கோடையிலேயே பெருங்கூட்டம் அம்மலைகளுக்குப் படையெடுத்தது. போதிய முன்னேற்பாடு இல்லாமல் சென்ற பலர் மழையிலும் பூச்சிக்கடியிலும் அவதியுற்றுத் திரும்பினாலும், மர்ரே விதைத்த ஆசை மட்டும் வேரூன்றிவிட்டது.

அந்த ஆசையை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டச் செய்தது மோட்டார் கார். ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் 1908இல் சந்தைக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் 1913இல் கார்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டன. தொடக்கத்தில் முகாமுக்கென எல்லையோ பாதையோ வகுக்கப்படாத இடங்களில், வந்தவர்கள் புல்வெளியின் குறுக்கே ஓட்டிச்சென்று, எந்த மரத்தின் நிழல் பிடித்ததோ அதன் அடியில் காரை நிறுத்திக் கூடாரம் அடித்தார்கள். சில கோடைகள் கழிவதற்குள் அப்படிப்பட்ட இடங்களில் புல்லும் புதரும் அழிந்து, வெறும் புழுதி எஞ்சியது.

இந்தச் சேதத்தின் காரணத்தைத் தெளிவாக விளக்கியவர் எமிலியோ மைனெக்கே என்னும் தாவர நோயியல் அறிஞர், அதாவது செடிகொடி மரங்களுக்கு வரும் நோய்களை ஆராய்பவர். கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரங்கள் உலகிலேயே மிக உயரமாக வளர்பவை. ஆயினும் அவற்றின் வேர்கள் ஆழமாக இறங்குவதில்லை, மேல்மண்ணை ஒட்டியே பக்கவாட்டில் நெடுந்தொலைவு பரவுகின்றன. அந்த மேல்மண்ணின்மீது கார்ச் சக்கரங்களும் ஆயிரக்கணக்கான காலடிகளும் ஓயாமல் பதியும்போது மண் துகள்களுக்கிடையே உள்ள நுண்ணிய வெளிகள் நசுங்கி, நீரும் காற்றும் புக வழியில்லாமல் போய், உணவு உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மடியத் தொடங்குகின்றன. கோடரி படாமலேயே மரம் மெல்லச் சாகிறது. அதை நேசித்து வந்தவர்களே அதன் சாவுக்குக் காரணமாகிறார்கள். மைனெக்கே 1928இல் எழுதிய அறிக்கையின் சாரம் இதுதான்.

அவர் மக்களைக் காட்டிலிருந்து வெளியேற்றச் சொல்லவில்லை என்பதே இங்கு மிகவும் போற்றத்தக்கது. 1932இல் அவர் அளித்த திட்டத்தின்படி, முகாமுக்குள் செல்லும் சாலை ஒருவழிப் பாதையாக வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவர வேண்டும்; அதிலிருந்து பிரியும் சிறு கிளை ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் கார் நிறுத்தும் இடமாக முடிய வேண்டும்; கார் அதற்கு அப்பால் செல்லாதபடி பாறைகளோ மரத்துண்டுகளோ தடுக்க வேண்டும். சாப்பாட்டு மேசையும் அடுப்பும் அசைக்க முடியாதபடி நிலைப்படுத்தப்பட்டால், கூடாரம் அடிக்கும் இடமும் மனிதர் நடக்கும் தடமும் தாமாகவே அவற்றைச் சுற்றி அமைந்துவிடும் என்றும், எஞ்சிய நிலம் மிதிபடாமல் பிழைக்கும் என்றும் அவர் கணித்தார். 1933 முதல் 1942 வரை, வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அரசு நடத்திய குடிமக்கள் பாதுகாப்புப் படை நாடெங்கும் முகாம் திடல்களைக் கட்டியபோது இத்திட்டம் பரவலாகக் கையாளப்பட்டது.

மரங்களுக்குக் கிடைத்த அந்தப் பரிவு மனிதர் அனைவருக்கும் கிடைத்துவிடவில்லை. வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் கறுப்பின மக்களுக்கென்றே லூயிஸ் மவுண்டன் என்னும் தனிப்பகுதி 1939இல் திறக்கப்பட்டது. அங்கு இனப் பாகுபாடு முழுமையாக நீங்கியது 1950இல்தான்.

இன்றைய முகாம் திடலிலும் மைனெக்கேயின் வடிவமே கண்ணுக்குத் தெரிகிறது. தடித்த பலகைகளாலான நீண்ட மேசையும், தரையில் பதித்த இரும்பு வளையத்துக்குள் நெருப்பிடமும், அதன்மேல் கவிழ்த்துப் போடக்கூடிய கம்பித்தட்டும், மனை எனப்படும் ஒவ்வொரு தங்கும் இடத்துக்கும் உண்டு. யோசெமிட்டியில் ஒரு மனைக்குக் குழந்தைகள் உட்பட ஆறு பேர் என்பது வரம்பு. ஆதலால் சேர்ந்து செல்லும் குடும்பங்கள் பல மாதங்களுக்கு முன்பே அடுத்தடுத்த மனைகளாகப் பார்த்து முன்பதிவு செய்கின்றன. கார்கள் மெதுவாக ஊர்ந்து செல்லும் ஒருவழிச் சாலை குழந்தைகளின் மிதிவண்டிப் பாதையாகவும் ஆகிவிடுகிறது; பெரியவர்கள் ஒரு மனையில் சமைத்துக்கொண்டிருக்க, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கூட்டமாக அந்தச் சாலையைச் சுற்றிவரும் காட்சி, வேருக்காக வகுத்த பாதை பிள்ளைகளுக்குத் தந்த கொடை எனலாம்.

சாப்பாடு பெரிதும் கவனம் வேண்டும் பகுதி. அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள், ரயில் பயணத்துக்குக் கட்டிச்செல்லும் அதே முறையில், புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் முதல் இரவுக்காகக் கொண்டுசென்று, மறுநாள் எரிவாயு அடுப்பில் தோசை வார்ப்பதுண்டு. ஆனால் பெருங்காயமும் நல்லெண்ணெயும் மணக்கும் பாத்திரத்தை இரவில் மேசைமேல் விட்டுவைக்கலாகாது. கருங்கரடியின் மோப்பத்திறன் மிகக் கூர்மையானது. அது பற்பசையையும் சோப்பையும்கூட உணவென்று கருதித் தேடிவரும். யோசெமிட்டியில் 1998ஆம் ஆண்டில் மட்டும் 1,500க்கும் மேற்பட்ட கரடிச் சம்பவங்கள் பதிவாயின. அவற்றுள் பல, உணவுக்காகக் கார்க் கதவுகளைப் பிய்த்தெறிந்த நிகழ்வுகள். மனிதர் உணவுக்குப் பழகிய கரடி அச்சத்தை இழந்து, கடைசியில் கொல்லப்படவும் நேர்கிறது. எனவே மனைதோறும் ஓர் இரும்புப் பெட்டி வைக்கப்பட்டு, மணமுள்ள பொருள் அனைத்தையும் அதில் பூட்டுவது சட்டமாக்கப்பட்டது. குறுகிய இடைவெளிக்குள் விரல்களை நுழைத்து மேல்நோக்கி இழுத்தால் மட்டுமே திறக்கும் அதன் தாழ்ப்பாளைக் கரடியின் பெரிய பாதத்தால் இயக்க முடியாது. இவ்வேற்பாட்டுக்குப் பின் அங்கே கரடிச் சேதம் பெருமளவு குறைந்தது.

இரவில் எல்லாரையும் ஓரிடத்தில் உட்கார வைப்பது நெருப்பு. குச்சியில் செருகிய மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சுபோன்ற மிட்டாயைச் சுட்டு, சாக்லேட்டுடன் பிஸ்கட்டுகளுக்கு நடுவே வைத்துத் தின்பது அந்நாட்டுப் பிள்ளைகளின் பெருவிருப்பம். பத்து மணிக்கு அமைதி நேரம் தொடங்குவதால் அதற்குமேல் பாட்டுக்கும் உரத்த பேச்சுக்கும் இடமில்லை. தீயை அணைப்பதற்கும் முறை உண்டு: தணலின்மேல் நீரூற்றி, சாம்பலைக் கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுசென்று சூடு அறவே இல்லை என்று உறுதிசெய்த பிறகே இடத்தை விட்டு நகர வேண்டும்.

விறகை வீட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது என்பது புதியவர்களுக்கு வியப்பளிக்கும் விதி. ஆசியாவிலிருந்து வந்த பச்சை நிற வண்டு ஒன்று 2002இல் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்டது. ஆஷ் மரங்களின் பட்டைக்கடியில் அதன் புழுக்கள் குடைந்து நீரோட்டத்தை அறுப்பதால் கோடிக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. தானாகப் பறந்தால் குறுகிய தொலைவே செல்லக்கூடிய அவ்வண்டு, பயணிகள் ஏற்றிச்சென்ற விறகுக்கட்டுகளில் மறைந்து பல நூறு மைல்களைக் கடந்தது. ஆகவே எரிக்கும் இடத்துக்கு அருகிலேயே விறகு வாங்க வேண்டும் என்று பூங்காக்கள் வற்புறுத்துகின்றன; ஞாயிறன்று மிஞ்சும் கட்டையும் காரில் ஏறுவதில்லை, பக்கத்து மனையில் இன்னும் தங்கியிருப்பவர்களிடம் கொடுக்கப்படுகிறது.