எல்லாம் நரம்புதானா?

ஆம்பூர் ஷூ கம்பெனி வண்டி மாலையில் ஒடுகத்தூர் வந்து நிற்கும்போது, இறங்குகிற பெண்களில் சிலர் கம்பியைப் பிடித்தபடி சற்று நின்றுவிட்டுத்தான் நடக்கத் தொடங்குவார்கள். காலையில் சரியாக இருந்த செருப்பு அப்போது இறுக்கும். வாரின் தடம் காலில் பள்ளமாகப் பதிந்திருக்கும். கேட்டால், "நரம்பு சுருட்டிக்கிச்சுங்க" என்பார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் நூறு அடி நடந்ததும் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரியவர், "நரம்பு இழுக்குது" என்பார். சர்க்கரை நோயில் உள்ளங்கால் மரத்துப்போனவருக்கும் நரம்புக் கோளாறுதான்.

இந்த மூன்றில் உண்மையான நரம்பு கடைசியில் சொன்னது மட்டும். முதலாவது சிரை, அதாவது காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். இரண்டாவது தமனி, இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய். பள்ளியில் படித்த இந்த இரு சொற்களும் வீட்டுப் பேச்சுக்குள் வரவேயில்லை. அதற்கு எங்கள் வீட்டில் ஒரு விலை கொடுத்தோம். டேனரியில் வேலை பார்த்த என் மாமா, பக்கத்து வீட்டு அக்காவின் கால் வீக்கம் கிரேப் பேண்டேஜில் வடிந்ததைப் பார்த்து, தானும் வாங்கி இறுக்கிச் சுற்றிக்கொண்டார். அவருக்கும் நரம்புதானே! சில நாட்களில் பெருவிரல் கறுத்துவிட்டது.

அக்காவுக்கு நல்லது செய்த கட்டு மாமாவுக்கு ஏன் கேடு செய்தது? கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஏற்றிய தண்ணீர் கீழே இறங்கிவிடாமல் ஃபுட் வால்வு தடுக்கிறது. அது கசிந்தால் குழாயில் தண்ணீர் நிற்காது. கால் சிரைகளிலும் அப்படிச் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. இத்தாலியரான ஃபாப்ரீசியஸ் 1603-இல் அவற்றை விவரித்தார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி, ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628-இல் நிறுவியபோது, இந்த வால்வுகள் அவருக்கு முக்கியமான சான்றாயின.

இங்கே மோட்டார், நம் கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு ஏறும். நடந்தால் 30-க்கும் கீழே இறங்கிவிடும். பரம்பரைக் கூறு, பிரசவங்கள், உடல் எடை இவற்றோடு மணிக்கணக்கில் நிற்கும் வேலையும் சேர்ந்தால் வால்வு தளர்ந்து, சிரை புடைத்துச் சுருள்கிறது. கட்டிங் மேசையில் நிற்பவருக்கு மட்டுமல்ல, அப்பர் தைக்கும் மெஷினில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த மோட்டார் சரியாக ஓடுவதில்லை. தேங்கிய ரத்தத்திலிருந்து சிவப்பணுக்கள் கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து தோலில் படிகிறது. கணுக்காலின் உட்புறம் கருகியதுபோல் நிறம் மாறி, அரித்து, ஒருநாள் புண்ணாகிறது. இந்தக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். பிரஷர் சாக்ஸ் போட வேண்டும். தேவைப்பட்டால் பழுதான சிரையை லேசரால் மூடிவிடலாம்.

நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு 1948-லேயே சொல்லிவிட்டது. கடை ஊழியர்களுக்கு அந்த உரிமை தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டமானது. ஒரு நாற்காலியை மருந்தாகவே நான் பார்க்கிறேன். மணிக்கு ஐந்து நிமிடம் நடக்க விடுவதும் மருந்துதான்.

மாமாவின் நோய் அக்காவின் நோய்க்கு நேர் எதிர். அவர் காலில் ரத்தம் தேங்கவில்லை, வந்து சேரவேயில்லை. புகையும் சர்க்கரையும் தமனியை உள்ளே அடைத்துவிடும். நடக்கும்போது தசை கேட்கிற ரத்தம் கிடைக்காததால் கெண்டைக்கால் பிடிக்கும், நின்றால் விடும். நாற்பதைத் தாண்டாத ஆண்களையும் தாக்கும் இன்னொரு வகை உண்டு. நியூயார்க்கில் லியோ பர்கர் 1908-இல் விவரித்த அந்த நோய், இந்தியாவில் பெரும்பாலும் பீடியோடு வருகிறது. குடியாத்தம் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் மாவட்டம் எங்களுடையது; அதனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பீடிகூட மிச்சம் வைக்காமல் விட்டவர்களுக்குத்தான் கால் மிஞ்சுகிறது. இப்படிப்பட்ட காலில் இறுக்கிக் கட்டினால், வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும்.

கட்டுப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை எளியது. கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்து, கையின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 0.9-க்குக் கீழே வந்தால் தமனியில் அடைப்பு. நாள்பட்ட சர்க்கரை நோயாளிக்குத் தமனி சுவர் கெட்டிப்பட்டிருப்பதால் இந்த எண் பொய் சொல்லும். அவருக்குக் கால் விரலில் அளப்பார்கள். வேலூர் சி.எம்.சி.யில் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

புண் இருக்கும் இடமே பாதி சொல்லிவிடும். கணுக்காலின் உட்புறம் என்றால் பெரும்பாலும் சிரை. விரல் நுனி என்றால் தமனி. உள்ளங்காலில், வலியே இல்லாமல் என்றால் நரம்பு. இந்த மூன்றாவதை உலகுக்கு விளக்கியவர்களில் ஒருவர் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட். 1946-இல் வேலூருக்கு வந்த அவர், தொழுநோயாளிகளின் பாதம் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாமல் ஓரிடத்தையே அழுத்தி நடப்பதால்தான் புண்ணாகிறது என்று கண்டார். மெத்தென்ற ரப்பர் செருப்பை அவர் மருந்தாக்கினார்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்க வேண்டாம். உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாமாவுக்கு இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் அவர் கட்டிலில் படுத்துத் தூங்கியதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபடிதான் கண்ணயர்வார். கீழ்நோக்கித் தொங்கும்போதுதான் அந்தக் காலுக்குக் கொஞ்சம் ரத்தம் இறங்கியது என்று பிறகு டாக்டர் சொன்னார். கால் வலிக்குமே என்று அத்தை ஒவ்வொரு இரவும் முக்காலி போட்டுத் தலையணை வைத்து அந்தக் காலைத் தூக்கி வைப்பார். அத்தை தூங்கியதும் மாமா அதைச் சத்தமில்லாமல் இறக்கிக்கொள்வார்.