விற்கும் வேளையில் மனம் செய்யும் சூழ்ச்சி

வணிகத்தில் வாங்குவது எளிது, விற்பதுதான் கடினம். வாங்கும்போது நம்பிக்கை துணை நிற்கிறது. விற்கும்போதோ அச்சம் ஒரு கையையும் ஆசை மறு கையையும் பிடித்து இழுக்கின்றன. ஜவுளிக் கடையிலும் தோல் மண்டியிலும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய நம் மக்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஆயினும் கடையில் காட்டும் நிதானத்தைப் பங்குச் சந்தையின் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைபவர்கள் நம்மில் பலர்.

வட்டியை விலக்கி வாழ விரும்பும் குடும்பங்கள், ஹலாலான தொழில் செய்யும் நிறுவனங்களின் பங்குகளில் சேமிப்பை இடுவது இன்று பெருகி வருகிறது. எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுகிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் எப்போது விற்பது என்று எவரும் கேட்பதில்லை. குடும்பத்தின் பணம் கரைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

நான்கு நாட்களில் ஒரு பாடம்

2024-ஆம் ஆண்டு ஜூன் 3. நாடாளுமன்றத் தேர்தல் கருத்துக் கணிப்புகள் வெளியான களிப்பில் மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு ஒரே நாளில் சுமார் 2,500 புள்ளிகள் ஏறி 76,468-இல் நின்றது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை வேறு விதமாக அமைந்தது. குறியீடு ஏறத்தாழ 4,390 புள்ளிகள் சரிந்து 72,079-க்கு வந்தது. ஜூன் 7 அன்று மீண்டும் 76,693-ஐ எட்டிவிட்டது.

இந்த நான்கு நாட்களில் நாட்டின் ஆலைகள் இடம் பெயரவில்லை. நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் ஓடிவிடவில்லை. மாறியதெல்லாம் மனிதர்களின் மனநிலைதான். ஜூன் 4 அன்று அஞ்சி விற்றவர், தம் பொருளைத் தம் அச்சத்தின் விலைக்கே விற்றார்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் எந்நாளும் விற்காமல் இருப்பதே அறிவு" என்று முடிவு கட்டிவிடலாகாது. அதற்கு நேர் எதிரான கதையும் உண்டு.

வாங்கிய விலை என்னும் விலங்கு

2008-ஆம் ஆண்டு ஜனவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தின் பங்கு 800 ரூபாயைத் தாண்டி நின்றது. பின்னர் இறங்கத் தொடங்கியது. 500 ஆனபோது, "800 வந்ததும் விற்றுவிடுவேன்" என்று காத்திருந்தவர்கள் உண்டு. 200 ஆனபோது, "போட்ட முதல் வந்தால் போதும்" என்றனர். 100-க்குக் கீழே போனபோது, "இனி விற்று என்ன பயன்?" என்று கைவிட்டனர். கடன் சுமையால் 2019-இல் அந்நிறுவனம் திவால் நடைமுறைக்குள் சென்றது. பங்கின் விலை ஒற்றை இலக்க ரூபாயில் வந்து நின்றது.

அந்த முதலீட்டாளரைக் கட்டிப்போட்டது எது? தாம் வாங்கிய விலை. ஆனால் நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது சந்தைக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதற்கு அக்கறை இல்லை. ஒரு பங்கின் நாளைய விலையை முடிவு செய்வது அந்நிறுவனத்தின் நாளைய நிலைமையே தவிர, நம் நினைவில் இருக்கும் நேற்றைய விலை அன்று.

நட்டத்தின் கணக்கும் கொடுமையானது. நூறு ரூபாய் எண்பதானால் மீண்டும் நூறாக 25 விழுக்காடு ஏற வேண்டும். ஐம்பதானால் 100 விழுக்காடு. இருபதானாலோ 400 விழுக்காடு! தாமதிக்கும் ஒவ்வொரு படியிலும் ஏறி வர வேண்டிய மலை உயர்ந்துகொண்டே போகிறது.

அறிஞர்கள் கண்ட உண்மை

டேனியல் கானெமன், ஏமாஸ் ட்வெர்ஸ்கி என்னும் உளவியல் அறிஞர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியை விட அதே அளவு நட்டம் தரும் வேதனை பெரிது என்று காட்டியது. இத்துறைப் பணிக்காகக் கானெமனுக்கு 2002-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. வேதனையைத் தள்ளிப்போட விரும்பும் மனம், நட்டத்தில் இருக்கும் பங்கை விற்க மறுக்கிறது. விற்காத வரை அது வெறும் காகித நட்டம் என்று தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது.

அமெரிக்காவில் டெரன்ஸ் ஓடீன் என்பவர் ஒரு தரகு நிறுவனத்தின் பத்தாயிரம் கணக்குகளை ஆராய்ந்து 1998-இல் முடிவுகளை வெளியிட்டார். விற்பதற்கு வாய்த்த தருணங்களில், லாபத்தில் இருந்த பங்குகளில் நூற்றுக்குச் சுமார் 15 விற்கப்பட்டன. நட்டத்தில் இருந்தவற்றில் சுமார் 10 மட்டுமே விற்கப்பட்டன. அதைவிட வியப்பு, விற்றுவிட்ட லாபப் பங்குகள் அடுத்த ஓராண்டில், கையில் வைத்துக்கொண்ட நட்டப் பங்குகளை விடச் சராசரியாக 3.4 விழுக்காடு கூடுதலாகப் பலன் தந்தன. கனி தரும் மரத்தை வெட்டிவிட்டுப் பட்ட மரத்திற்கு நீர் ஊற்றுவது போன்ற செயல் இது.

இன்னொரு சூழ்ச்சி, விற்ற பின் வரும் ஏக்கம். "விற்றுவிட்டேன், அதற்குள் ஏறிவிட்டதே!" என்னும் பொருமல் அறிவாளியையும் விடுவதில்லை. 1720-இல் லண்டனில் தென்கடல் நிறுவனப் பங்குகளை நல்ல லாபத்தில் விற்று வெளியேறியவர் விஞ்ஞானி ஐசக் நியூட்டன். விலை மேலும் ஏறுவதைக் கண்டு பொறுக்காமல் உயர்ந்த விலையில் மீண்டும் வாங்கினார். பெரும் பொருளை இழந்தார்.

கைவிட்டுப் போனதற்காக வருந்தித் துவளாமலும், கைக்கு வந்ததற்காக இறுமாந்து பூரிக்காமலும் இருக்கும் பக்குவத்தைத் திருக்குர்ஆனின் அல்ஹதீத் அத்தியாயம் (57:23) நமக்குக் கற்பிக்கிறது. சந்தையில் நிற்பவனுக்கு இதைவிடச் சிறந்த அரண் வேறு ஏது?

கடன் வாங்கியவனுக்கு நேரம் சொந்தமில்லை

1982 ஆகஸ்டில் குவைத்தின் சூக் அல்மனாக் சந்தை சரிந்தது. அங்கே பிந்தைய தேதியிட்ட காசோலைகளைக் கொடுத்துப் பங்குகளை வாங்கிக் குவித்தனர். காசோலைகளின் மொத்தத் தொகை ஏறத்தாழ 9,400 கோடி டாலர். சில காசோலைகள் பணமாகாமல் திரும்பியதும் முழுக் கோட்டையும் இடிந்தது. காகிதத்தில் கோடீசுவரர்களாக இருந்தவர்கள் விற்க நினைத்தபோது வாங்க ஆளில்லை.

கடனில் வாங்கியவன், தான் விற்கும் நேரத்தைத் தான் தேர்ந்தெடுப்பதில்லை; கடன் கொடுத்தவன் தேர்ந்தெடுக்கிறான். வட்டி மார்க்கத்தில் ஹராம் என்பது ஒருபுறம். உலக நலனிலும் அது நம் கையைக் கட்டிப்போடுகிறது.

தம்மிடம் இல்லாத பொருளை விற்க வேண்டாம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதும் இங்கே நினைவுகூரத் தக்கது. வாய்தா வணிகம் என்னும் பெயரில் கையில் இல்லாததை விற்று வாங்கும் ஆட்டத்தின் விளைவைச் செபி அமைப்பின் 2024-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது: முந்தைய மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டமே கண்டனர்.

புயலுக்கு முன்பே எழுதி வையுங்கள்

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? விற்பனை முடிவை, மனம் அமைதியாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஒரு பங்கை வாங்கும் நாளிலேயே, "இதை ஏன் வாங்குகிறேன்? எது நேர்ந்தால் விற்பேன்?" என இரண்டு வரி நோட்டில் எழுதி வையுங்கள். விற்பதற்கு நியாயமான காரணங்கள் மூன்றே.

முதலாவது, வாங்கியதற்கான காரணம் பொய்த்துப் போவது. தொழில் தேய்கிறது, கணக்கில் சூது தெரிகிறது, நிர்வாகத்தின் நேர்மை ஐயத்திற்குள்ளாகிறது என்றால் விலையைப் பார்க்காமல் வெளியேற வேண்டும்.

இரண்டாவது, நிறுவனம் ஹலால் வரம்பை மீறுவது. கடன், நிறுவனத்தின் மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது இஸ்லாமிய முதலீட்டுத் துறையில் பரவலாகக் கையாளப்படும் அளவுகோல். மார்க்கப் பேணுதலுக்காக அமைந்த இவ்வரம்பு, கடனில் மூழ்கும் நிறுவனங்களிலிருந்து நம் முதலையும் காப்பாற்றுகிறது. இங்கே ஆசைக்கும் அச்சத்திற்கும் வேலையே இல்லை.

மூன்றாவது, பணத்தின் தேவை நெருங்குவது. அடுத்த ஆண்டு ஹஜ்ஜுக்கோ மகளின் திருமணத்திற்கோ வேண்டிய தொகை சந்தையில் ஊசலாடிக்கொண்டிருக்கலாகாது. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,935 புள்ளிகள் வீழ்ந்தது. பணம் உடனே தேவைப்படாதவர் காத்திருந்தார். நவம்பரில் குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டியது. அந்த வாரமே பணம் தேவைப்பட்டவர் அடிமட்ட விலைக்கு விற்றார். இருவரையும் பிரித்தது அறிவு அன்று, முன்னேற்பாடு.

ஜகாத் நாளே தணிக்கை நாள்

நினைத்தபோதெல்லாம் விலையைப் பார்ப்பவன் நினைத்தபோதெல்லாம் தடுமாறுவான். நம்மிடம் இதற்கு அருமையான மருந்து உண்டு. ஆண்டுக்கொரு முறை ஜகாத் கணக்கிடும் நாளில், விற்பனைக்காக வைத்திருக்கும் பங்குகளை அன்றைய சந்தை விலைக்கே மதிப்பிடுகிறோம். வாங்கிய விலைக்கு அங்கே இடமில்லை. (நீண்ட காலத்திற்கு வைத்திருக்கும் பங்குகளுக்கு ஜகாத் கணக்கிடும் முறையில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) அன்று ஒவ்வொரு பங்கையும் பார்த்து, "இந்தப் பணம் இன்று ரொக்கமாக என் கையில் இருந்தால் இதையே வாங்குவேனா?" என்று கேளுங்கள். "இல்லை" என்று உள்ளம் சொன்னால், வைத்திருப்பதற்கும் காரணமில்லை. துணைவியாரையும் வளர்ந்த பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். மறைத்து வைக்கும் நட்டமே வளர்கிறது. மஷூராவில் வைக்கப்படும் நட்டம் சிறிதாகவே முடிந்துவிடும்.

பெருநாள் முடிந்த மறுவாரம் நம் ஜவுளிக் கடைக்காரரைப் பாருங்கள். தேங்கிய சரக்கை விலை குறைத்துத் தள்ளிவிடுகிறார். "நானூறுக்கு வாங்கினேன், நானூறு வரும் வரை அலமாரியில் இருக்கட்டும்" என்று அவர் சொல்வதில்லை. வரும் பணத்தில் ஓடும் சரக்கை வாங்குகிறார். சிறு நட்டத்தை ஏற்றதால் அவர் வணிகம் நிலைக்கிறது. நம் முன்னோர் கல்லாப் பெட்டியின் முன் அமர்ந்து கற்ற அந்தப் பாடத்தைப் பங்குச் சந்தைக்கும் கொண்டு செல்வோம்.

முயற்சியும் ஒழுங்கும் நம் பொறுப்பு. ரிஸ்கு அல்லாஹ்வின் கையில். நம்மிடமுள்ள செல்வம் அவன் தந்த அமானிதம். அதை அச்சத்திடமோ பேராசையிடமோ ஒப்படைத்துவிடாமல் காப்பதற்கு வல்ல நாயன் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.