மீண்டும் ஆடுவோமா?

சென்ற மழைக்காலத்து இரவொன்றில், இங்கே புனேயில், ஒரு தம்பி என் விடுதி அறைக் கதவைத் தட்டினான். பட்டப்படிப்புவரை தமிழ்வழியே பயின்று, முதுகலை முதலாண்டில் சேர்ந்தவன். "அண்ணா, இந்தக் கணினிப் பாடம் எனக்கு வராது. ஊருக்கே போய்விடட்டுமா?" என்றான்.

அவனை அப்படிக் கலங்க வைத்தது எது? ஒரு சிறு விளையாட்டு!

கணினி 1 முதல் 100 வரை ஓர் எண்ணை ஒளித்து வைக்கும். நாம் ஓர் எண்ணைச் சொன்னால், 'பெரிது', 'சிறிது' என்று விடை தரும். ஒவ்வொரு முறையும் நடு எண்ணைக் கேட்டுப் பாதியைத் தள்ளிக்கொண்டே வந்தால், ஏழு முறைக்குள் விடை கிடைத்தே தீரும். இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. அது நூறைவிடப் பெரிதல்லவா?

இவ்வளவையும் பைத்தான் மொழியில் அவன் சரியாகவே எழுதியிருந்தான். ஆட்டம் முடிந்ததும் மீண்டும் ஆட வழி செய்ய வேண்டும், அதில்தான் சிக்கல். ஆட்டம் முழுவதையும் 'வைல்' என்னும் சுழலுக்குள் வைத்திருந்தான். முதல் ஆட்டத்தின் விடை 37. இரண்டாம் ஆட்டத்திலும் 37! முயற்சிகளின் எண்ணிக்கையும் பழைய கணக்கிலிருந்தே தொடர்ந்தது.

காரணம் என்ன? எண்ணை ஒளிக்கும் வரியும், எண்ணிக்கையைச் சுழியமாக்கும் வரியும் சுழலுக்கு வெளியே நின்றன. வெளியே நிற்பது ஒரு முறைதான் நடக்கும். மறக்கச் சொல்லாததைக் கணினி மறப்பதில்லை.

ஆகவே, நண்பர்களே, இரண்டு சுழல்கள் வேண்டும். வெளிச்சுழல் ஒவ்வோர் ஆட்டத்தையும் தொடங்கி வைப்பது. புது எண்ணும் சுழியமும் அதன் தொடக்கத்தில் அமைய வேண்டும். உட்சுழல் ஊகங்களைக் கேட்பது. விடை கிடைத்ததும் 'பிரேக்' என்னும் கட்டளையால் அது முடியும். 'பிரேக்' தன்னைச் சூழ்ந்த நெருங்கிய சுழலை மட்டுமே முறிக்கும். எனவே, 'மீண்டும் ஆடுவோமா?' என்னும் கேள்வியை உட்சுழல் முடிந்த பின், வெளிச்சுழலுக்குள் வைக்க வேண்டும். விடை 'ஆம்' இல்லையேல், அங்கே இன்னொரு 'பிரேக்'. எந்த வரி எந்தச் சுழலைச் சேர்ந்தது என்பதை வரியின் முன் விடும் இடைவெளியே பைத்தானுக்குக் காட்டும். அதில் பிழை நேர்ந்தால் ஆட்டமே மாறிவிடும்.

இவற்றை நான் எழுதித் தரவில்லை. தாளில் இரு கட்டங்கள் வரைந்து காட்டினேன், அவ்வளவே. அவனே வரிகளை இடம் மாற்றினான். பிறகு தயங்கி, "கேள்வியைத் தமிழில் கேட்கலாமா, அண்ணா?" என்றான். ஏன் கூடாது? 2008இல் வெளிவந்த மூன்றாம் பைத்தான் முதல், சொற்கள் யூனிகோடு முறையிலேயே அமைகின்றன. 'ஆம்' என்று நாம் தட்டினால் 'ஆம்' என்றே அது அறியும்.

அன்றிரவு திரையில் தமிழ் எழுத்துகளில் கேள்வி தோன்றியது. அவன் 'ஆம்' என்று தட்டினான். புது எண், புதுக் கணக்கு.

தம்பி ஊருக்குப் போனான், தீபாவளிக்கு. விடுமுறை முடிந்ததும் திரும்பி வந்துவிட்டான்.